கடாரத்து மலை: ஜெராய் புவிப்பூங்காவின் பின்புலம்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், சுங்கை பட்டாணியைத் தாண்டியதும் இடப்புறத்தில் ஒரு பெரிய மலை எழுந்து நின்று, குரூண் நகரம் வரை பார்வையை விட்டு அகலாமல் கூடவே வருகிறது. மலாய் மொழியில் குனோங் ஜெராய் என்றும், ஆங்கிலேயர் கால எழுத்துகளில் கெடா சிகரம் என்றும் குறிக்கப்பட்ட அந்த மலையின் உயரம் 1,217 மீட்டர். 4,095 மீட்டர் கினபாலு மலையைக் கொண்ட நாட்டில் இது பெரிய உயரமே இல்லை. ஆனால், தீபகற்பத்தின் நடுவே ஓடும் தித்திவாங்சா மலைத்தொடரோடு எந்த ஒட்டும் இல்லாமல், மேற்கே மலாக்கா நீரிணையும் வடக்கே கெடாவின் நெல்வயல் சமவெளியும் தெற்கே மெர்போக் ஆற்றின் கழிமுகமும் சூழ, கடலோரத்தில் தனித்து நிற்பதால், இதன் உயரம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. காடு போர்த்த அந்தச் சரிவுகள் நிரந்தர வனக்காப்பு நிலம்; அவற்றையும் அடிவாரத்துத் தொல்லியல் இடங்களையும் சேர்த்து ஜெராய் புவிப்பூங்கா (பாறையும் நிலவமைப்பும் சிறப்பு வாய்ந்த வட்டாரம்) என்ற பெயரில் மலேசியா தேசியப் புவிப்பூங்காக்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இந்த மலையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் பாறையைப் பற்றி எழுதியவர் கோயிலைத் தொடுவதில்லை. கோயிலைப் பற்றி எழுதியவர் காட்டைப் பார்ப்பதில்லை. காட்டைப் பராமரிப்பவருக்கு அடிவாரத்து வெள்ளம் வேறொரு துறையின் விவகாரம். பழங்காலத்தில் இங்கே துறைமுகம் அமைந்ததற்கும், இரும்பு உருக்கப்பட்டதற்கும், கருங்கல்லில் கோயில் எழுந்ததற்கும், 2021இல் ஆறுகள் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்ததற்கும் ஒரே மலையின் கல்லும் சரிவும்தான் காரணம் என்பதை ஒருசேரப் பார்க்கத் தூண்டுவதுதான் புவிப்பூங்கா என்ற கருத்தின் உண்மையான பயன். அதே வேளையில், அந்தப் பெயர்ப்பலகை தன்னளவில் எதையும் காப்பாற்றிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

புவிப்பூங்கா என்பது ஒப்பளவில் புதிய ஏற்பாடு. 2000ஆம் ஆண்டு பிரான்ஸ், ஜெர்மனி, கிரீஸ், ஸ்பெயின் ஆகிய நாடுகளின் நான்கு வட்டாரங்கள் சேர்ந்து ஐரோப்பியப் புவிப்பூங்கா வலையமைப்பைத் தொடங்கின. 2004இல் அது உலகளாவிய வலையமைப்பாக விரிந்தது. 2015 நவம்பரில் யுனெஸ்கோ அதைத் தன் அதிகாரபூர்வத் திட்டமாக ஏற்று, யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்கா என்ற தகுதியை உருவாக்கியது. தென்கிழக்காசியாவில் இந்த வலையமைப்பில் முதலில் சேர்ந்தது ஜெராய்க்கு வடமேற்கே கடலில் உள்ள லங்காவி, அது 2007. கினபாலு 2023இல் சேர்ந்தது. தேசிய அளவிலான தகுதி இதற்கு முந்தைய படி.

உலக மரபுச் சின்னப் பட்டியலுக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. புவிப்பூங்காவுக்குள் மக்கள் வாழலாம், வயல் இருக்கலாம், தோட்டம் இருக்கலாம், ஊரே இருக்கலாம். அந்த நிலத்தின் கதையைச் சொல்லி அங்குள்ளவர்களுக்கு வருமானம் கிடைக்கச் செய்வது திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதனால்தான் புவிப்பூங்கா என்ற தகுதிக்கென்று தனிச்சட்டம் கிடையாது. உள்ளே இருக்கும் முக்கிய இடங்கள் ஒவ்வொன்றும் அந்தந்த நாட்டின் சட்டத்தால் ஏற்கெனவே காக்கப்பட்டிருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ நிபந்தனை விதிக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடக்கும். குறை கண்டால் மஞ்சள் அட்டை, திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை. பன்னாட்டு அமைப்பின் கையில் இருக்கும் அதிகாரம் அவ்வளவுதான்.

இனி மலைக்கு வருவோம். ஜெராயின் மேற்பகுதியில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் படிகக்கல். சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்ப்ரியன் காலத்தில், ஆழம் குறைந்த கடலோரத்தில் படிந்த மணல் இறுகி மணற்கல்லாகி, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதால் உண்டானது இது. தீபகற்ப மலேசியாவின் மிகப் பழைய படிவுப் பாறைகளுள் ஜெராய் அடுக்கும், லங்காவியின் மச்சின்சாங் அடுக்கும் முதன்மையானவை. அந்த மணல் படிந்த காலத்தில் இன்றைய கெடா, கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் ஓரத்தில், ஆஸ்திரேலியாவை ஒட்டிக் கிடந்தது. பிறகு அங்கிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்து, டிரையாசிக் காலத்தில் கிழக்கிலிருந்த நிலத்துண்டோடு மோதியது. அந்த மோதலின் விளைவாக, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தடியில் உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து ஆறி, தீபகற்பத்தின் மேற்குப் பகுதி நெடுகிலும் கருங்கல்லாக உறைந்தது. மலேசியாவின் வெள்ளீய வளத்துக்கு மூலம் இந்தக் கருங்கல் வலயம்தான்.

பழைய படிகக்கல்லுக்குள் ஊடுருவிய கருங்கல்லை ஜெராயில் காணலாம். கருங்கல் ஆறும்போது கடைசியாக எஞ்சிய நீரும் அரிய தனிமங்களும் விரிசல்களில் புகுந்து பெக்மடைட் என்னும் பெரும்படிகப் பாறையாக உறைந்திருக்கின்றன; அவற்றில் கறுப்பாக, குச்சி குச்சியாகத் தெரியும் டூர்மலின் படிகங்களை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். தெற்கு அடிவாரத்தில் செமெலிங் வட்டாரத்தில் வெள்ளீயச் சுரங்கங்கள் இயங்கியதற்கும், அடிவாரம் நெடுகிலும் இரும்புச் செறிவுள்ள செம்புரைக்கல் கிடைப்பதற்கும் இந்தப் பாறைச் சேர்க்கையே பின்னணி. படிகக்கல் எளிதில் தேயாது. சுற்றியிருந்த மென்மையான பாறைகளெல்லாம் அரித்துப் போன பிறகும் இந்த மலை நிமிர்ந்து நிற்பதற்கு அதன் உறுதியும் ஒரு காரணம்.

அடுத்து, கடல். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருந்தது. மூடா ஆற்றுச் சமவெளியும் மெர்போக் தாழ்நிலமும் அப்போது நீர்ப்பரப்பு. மலை ஒரு தீவாகவோ, கடலுக்குள் நீண்ட முனையாகவோ இருந்திருக்க வேண்டும். ‘மெரோங் மகாவங்சா’ என்ற மலாய் வரலாற்றுப் புராணம் ஜெராயைப் ‘புலாவ் செராய்’ என்று தீவாகவே குறிப்பது தற்செயலா, பழைய நினைவின் எச்சமா என்று முடிவாகச் சொல்ல முடியாது. நிலவியலுக்கு அது முரணாக இல்லை என்பது மட்டும் உறுதி. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கரை மேற்கே நகர்ந்தது. இன்று வயலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே கிடக்கும் தொல்லியல் இடங்கள் பல, அவை கட்டப்பட்ட நாளில் படகு வந்து நிற்கும் கரையை ஒட்டியிருந்தன என்பதை இதைக் கொண்டே புரிந்துகொள்ள முடியும்.

வங்கக்கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு இந்த மலை என்னவாக இருந்தது என்பதை வரைபடத்தைப் பார்த்தாலே ஊகிக்கலாம். இலங்கையின் தென்முனையும் ஜெராய் மலையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், ஆறு டிகிரி வடக்கை ஒட்டி, அமைந்திருக்கின்றன. அந்த ரேகையைப் பிடித்துக் கிழக்கே வந்தால், நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்திராவுக்கும் இடையிலான வாய்க்காலைக் கடந்து, நீரிணையின் அக்கரையில் முதலில் தலை காட்டும் பெரிய மலை இதுதான். 1,200 மீட்டர் உயரம் கடல்மட்டத்திலிருந்து, கணக்கின்படி, நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து தெரியும். காற்று மாறும் வரை காத்திருக்கக் கப்பலுக்குக் கழிமுகமும், குடிக்க மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும், விற்க இரும்பும் வெள்ளீயமும் காட்டுப் பொருள்களும் ஒரே இடத்தில் கிடைத்தன. துறைமுகம் உருவாக இதைவிட வேறு என்ன வேண்டும்?

தமிழ் வாசகருக்குக் கடாரம் என்ற பெயர் புதிதல்ல. முதலாம் இராசேந்திர சோழன் 1025ஐ ஒட்டி அனுப்பிய கடற்படை வென்ற இடங்களைப் பட்டியலிடும் மெய்க்கீர்த்தி, ஆழ்கடல் காவல் செய்யும் வலிய ஊர் என்று கடாரத்தைச் சிறப்பிக்கிறது. கடாரங்கொண்டான் என்பது அவனுக்குக் கிடைத்த பட்டப்பெயர். அதற்கு முந்தைய தலைமுறையில் உறவு வேறு விதமாக இருந்தது: இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாக வழங்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்து ஆக்கத்தையும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரத்துப் பொருள் என்றே கொண்டார். அதில் கருத்து வேறுபாடு உண்டு. கடாரம் என்பது கெடா என்பதில் அறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஜெராயின் தெற்கே தொல்லியல் இடங்கள் குவிந்திருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு முழுவதையும் சோழர் கட்டிய ஊராகவே காட்டும் பதிவுகள் தமிழில் நிறையச் சுற்றுகின்றன. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. 1834இல் ஜேம்ஸ் லோ என்பவர் செபராங் பிறையில் கண்டெடுத்த புத்தகுப்தன் என்னும் மாலுமியின் கல்வெட்டு ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது பௌத்தச் சான்று, அவன் வங்கத்திலிருந்து வந்தவன். சோழர் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வணிகமும் வழிபாடும் நடந்தன. 1025 அந்த நீண்ட வரலாற்றில் ஒரு நிகழ்வு. தமிழகத்தோடு தொடர்பு நெருக்கமானது என்பதற்கு மிகைப்படுத்தல் தேவையில்லை, கற்களே போதும்.

அந்தக் கற்களைப் பார்க்கச் சிறந்த இடம் மெர்போக்கில், மலையின் தென்சரிவில், ஓடைக்கரையில் இருக்கும் சண்டி புக்கிட் பத்து பகாட். சண்டி என்றால் பழங்காலக் கோயில். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இப்பள்ளத்தாக்கில் அகழ்ந்து வரிசை எண் இட்ட இடங்களுள் இது எட்டாவது. 1950களின் இறுதியில் அலஸ்டெர் லேம்ப் என்ற ஆய்வாளரின் மேற்பார்வையில், அங்கே கிடந்த கற்களை எடுத்து மீண்டும் அடுக்கினார்கள். தமிழகக் கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அமைப்பு உடனே பிடிபடும்: பின்னே கருவறை, முன்னே மண்டபம். ஆனால் கூரையைக் காணவில்லை. மண்டபத் தரையில் வரிசையாக இருக்கும் வட்டவடிவத் தூண்தாங்கிக் கற்கள், மேலே இருந்தது மரக்கட்டுமானம் என்பதைக் காட்டுகின்றன. காட்டு மரம் தாராளமாகக் கிடைக்கும், நாளும் மழை பெய்யும் மலைச்சரிவுக்கு அதுவே பொருத்தம். கட்டடத்துக்கடியில் கல்பெட்டிகள் புதைக்கப்பட்டிருந்தன. உள்ளே குழிகுழியாக அறைகள். அவற்றில் செப்புக் கலயமும் மணிகளும் பொன்னும். கோயில் எழுப்பும்போது அடியில் வைக்கும் கர்ப்பவிநியாசம் என்ற சடங்கை இது ஒத்திருக்கிறது. பக்கத்து ஓடையில் கிடக்கும் பாறைகளில் உளி பட்ட தடங்கள் உள்ளன. கல்லை வேறெங்கிருந்தும் கொண்டுவரவில்லை, அங்கேயே வெட்டினார்கள். மலைச்சரிவில் கருங்கல், கீழே தாழ்நிலத்தில் செங்கல்லும் செம்புரைக்கல்லும் என்று கட்டுமானப் பொருள் மாறுவது நிலவியல் வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்கக்கூடிய ஒன்று. 1980இல் தொடங்கிய தொல்பொருள் காட்சியகம் இதன் அருகிலேயே இருக்கிறது.

செமெலிங்குக்கும் பீடோங்குக்கும் இடையே உள்ள சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2000களின் பிற்பகுதியில் தொடங்கிய அகழாய்வு, இப்பகுதியைப் பற்றிய படத்தையே மாற்றியது. செம்பனைத் தோட்டத்து மண்ணுக்கடியில் உலைகள், உலைக்குள் காற்று ஊதும் சுடுமண் குழாய்கள் குவியல் குவியலாக, கசடு, படகுத்துறை என்று கருதப்படும் செங்கல் அமைப்புகள் ஆகியவை வெளிப்பட்டன. சில மாதிரிகள் கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வுக்குழு அறிவித்ததால் ‘தென்கிழக்காசியாவின் மிகப் பழைய நாகரிகம்’ என்ற விளம்பரம் பரவியது. அவ்வளவு பழைய தேதிகளை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. தேதி எதுவாயினும், இரும்பு பெரிய அளவில் உருக்கப்பட்டதில் ஐயமில்லை. அதற்குத் தாதும், கரிக்கு மரமும், ஏற்றுமதிக்கு ஆறும் இந்த மலையடிவாரம் கொடுத்தது.

அந்த உலைகளுக்கு எவ்வளவு காடு எரிந்தது என்று யாரும் கணக்கிட்டதில்லை. இன்று ஜெராயின் அடிவாரத்தில் தாழ்நில மழைக்காடும், அதற்கு மேல் டிப்டெரோகார்ப் மரங்கள் ஓங்கிய மலைக்காடும், உச்சியை நெருங்க நெருங்கக் குட்டையான மரங்களும் பாசியும் குடுவைச் செடிகளும் வருகின்றன. தனித்து நிற்கும் கடலோர மலைகளில் மேகம் தாழ்வாகவே தங்கும். படிகக்கல் தரும் மண்ணோ சத்தற்றது, புளிப்பானது. ஆகவே பெரிய மலைத்தொடரில் இன்னும் உயரத்தில் காணும் காடு இங்கே குறைந்த உயரத்திலேயே தொடங்கிவிடுகிறது. கழிமுகத்தில், மலையின் காலடியில், மெர்போக் அலையாத்திக் காடு. குறைந்த பரப்பில் இவ்வளவு வகை அலையாத்தி மரங்கள் வளரும் இடம் உலகிலேயே அரிது. கடல்மட்டத்துச் சேற்றுக்காட்டிலிருந்து மேகக்காடு வரை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பது வெறும் சுற்றுலா விளம்பரம் அல்ல.

இந்த மலை தரும் நீர், கேட்டால் மட்டும் வருவதில்லை. 2021 ஆகஸ்ட் 18 மாலை, மலையுச்சியில் கொட்டிய கனமழையில் சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து, மண்ணும் மரமும் பாறையும் கலந்த குழம்பாக ஓடைகளில் இறங்கின. யான், கோலமூடா மாவட்டங்களில் துப்பா, தித்தி ஹாயுன் போன்ற அருவிக்குளியல் இடங்கள் சிதைந்தன. ஆறு பேர் இறந்தார்கள். கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து சுவர்போல வரும் வெள்ளத்தை உள்ளூர் மக்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். மரம் வெட்டியதால்தான் இது நேர்ந்தது என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. மாநில அரசு மறுத்து, இயற்கையான நிலச்சரிவு என்றது. செங்குத்தான சரிவும், உறுதியான பாறைமேல் மெல்லிய மண்போர்வையும் உள்ள மலையில் காடு கெடாமல் இருந்தாலும் இத்தகைய சரிவு நிகழக்கூடும் என்பதை நிலவியல் ஏற்கிறது. காடு கெட்டால் அது அடிக்கடி நிகழும் என்பதையும் அதே நிலவியல்தான் சொல்கிறது.

புவிப்பூங்கா நிர்வாகத்துக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மக்களை வரவழைக்கும் அருவிகளும், பாறைச் சரிவு இறங்கும் தடங்களும் ஒன்றே. ஓடைவாயில் ஆள் உயரத்துக்குக் கிடக்கும் உருண்டைப் பாறைகளைப் படமெடுக்கும் குடும்பத்துக்கு, அவற்றை அங்கே கொண்டுவந்து போடும் வலிமை எந்த நீருக்கு உண்டு என்று சொல்லும் பலகையை, பாறையின் வயதைச் சொல்லும் பலகைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அருவியின் அழகை மட்டும் விளக்கும் நிலவியல் பாதி நிலவியல்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசின் பொறுப்பு. ஜெராயின் சரிவுகளைக் காப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனவியல் சட்டம். அதன்படி நிரந்தர வனக்காப்பு என்று அறிவித்த நிலத்தை மாநில அரசே பட்டியலிலிருந்து நீக்கவும் முடியும். 2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், அப்படி நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும், ஈடாக வேறு நிலத்தைச் சேர்க்க வேண்டும் என்கிறது. ஆனால் அது ஒவ்வொரு மாநிலத்திலும் ஏற்கப்பட்டால்தான் செல்லும். தொல்லியல் இடங்கள் இன்னொரு சட்டத்தில், 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தில், வருகின்றன. அரசிதழில் பாரம்பரிய இடமாகப் பதிவானால்தான் அதன் முழுப் பாதுகாப்பு கிடைக்கும். பாறைகளுக்கென்று தனிச் சட்டமே இல்லை; காட்டுக்குள் இருக்கும் பாறைக்கு வனச்சட்டம் துணை, வெளியே இருப்பதற்கு நில உரிமையாளரின் நல்லெண்ணம் துணை.

இந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதை 2013 காட்டியது. சுங்கை பத்துவில் பதினோராம் எண் சண்டி என்று ஆய்வுநூல்களில் பதிவான பழைய கோயில் அடித்தளத்தை, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்திய இயந்திரங்கள் தரைமட்டமாக்கின. நிலம் தனியாருடையது, அந்த இடம் அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. செய்தி வெளிவந்தபோது நாடு முழுவதும், குறிப்பாகத் தமிழர்களிடையே, எழுந்த கோபம் உண்மையானது. ஆனால் வேல்ஸ் எண் இட்டு முக்கால் நூற்றாண்டு கடந்தும் அந்த எண் எந்தப் பதிவேட்டிலும் சட்ட வலிமை பெறவில்லை என்பதுதான் கோபத்துக்குரிய முதல் செய்தி. பீடோங், சுங்கை பட்டாணி, குரூண் சுற்றுவட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தில் பாலெடுத்து, வாழ்ந்த தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இத்தகைய மேடுகளுக்கு அருகிலேயே குடியிருந்தவை.

இதற்கு எதிர்மாறான நற்செய்தி மலையின் வடபுறத்திலிருந்து வந்தது. தொல்லியல் இடங்கள் பெரும்பாலும் ஜெராயின் தெற்கே குவிந்திருக்க, யான் பக்கத்தில் புக்கிட் சோராஸ் என்ற சிறு குன்றில் மட்டும் ஒரு கட்டடம் தனித்துக் கிடந்தது. 2023இல் அங்கே நடந்த அகழாய்வில், சுதையால் செய்த ஆளுயர உருவங்கள் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தன. பல்லவ எழுத்துப் பொறித்த கல்வெட்டும் கிடைத்தது. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுப் பௌத்த இடம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். மலையின் தெற்கை மட்டுமே வைத்து எழுதிய வரலாறு இதனால் திருத்தம் பெறும். கப்பல்கள் வடபுறத்திலும் கரை கண்டிருக்கின்றன.

யுனெஸ்கோ தகுதிக்கு ஜெராய் விண்ணப்பிக்க வேண்டுமானால், மதிப்பீட்டாளர்கள் கேட்கும் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று, ஒவ்வொரு புவியிடமும் எந்தச் சட்டத்தின் எந்த அறிவிப்பால் காக்கப்படுகிறது என்பதாகவே இருக்கும். வனத்துறையிடம் காட்டின் எல்லைக்கோடு இருக்கிறது. காட்சியகத்திடம் சண்டிகளின் பட்டியல் இருக்கிறது. கனிமம் மற்றும் புவியறிவியல் துறையிடம் பாறை வரைபடமும் சரிவு ஆய்வும் இருக்கின்றன. மாவட்ட நில அலுவலகங்களில் தனியார் பட்டாக்களின் பதிவு இருக்கிறது. இந்த நான்கையும் ஒரே வரைபடத்தில் வைத்து, எந்தப் பதிவிலும் வராமல் விடுபட்ட மேடுகளையும் ஓடைகளையும் அரசிதழில் ஏற்றும் வேலை பல்கலைக்கழகத்தாலோ சுற்றுலாத் துறையாலோ ஆகக்கூடியதல்ல. நிலத்தின் மீது அதிகாரம் உள்ள கெடா மாநில ஆட்சிக்குழுதான் அதைச் செய்ய முடியும்.